முகச் சுருக்கத்துக்கு ஆசிட்: சேலத்திலும் ஏற்காட்டிலும் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கிளைகாலிக் ஆசிட், லாக்டிக் ஆசிட் என்று பெயரை எழுதிக்கொண்டு வந்து சீரம் கேட்பவர்களிடம் என் மருந்துக் கடையில் முதலில் ஒரு கேள்வி கேட்பேன். "காலையில சன்ஸ்கிரீன் போடுற பழக்கம் இருக்குங்களா?" இல்லை என்று சொன்னால் சீரத்தை எடுத்துக் காட்டுவதில்லை. சன்ஸ்கிரீன் ஒன்றைக் கொடுத்து, ஒரு மாதம் இதை விடாமல் போட்டுவிட்டு வாருங்கள், அப்புறம் ஆசிட் பேசலாம் என்பேன். சிலருக்கு இது பிடிப்பதில்லை. ஆனால் இந்த வரிசையை மாற்றினால், சேலம் மாதிரி வெயில் ஊரில் சுருக்கம் குறைவதற்குள் முகத்தில் மங்கு, அதாவது கரும்பழுப்புத் திட்டு, வந்து உட்கார்ந்துவிடும். சுருக்கத்தோடு ஒப்பிட்டால் மங்கைப் போக்குவது பெரிய பாடு.

நாற்பதைத் தொட்ட பெண்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். வண்டியிலேயே ஊரைச் சுற்றும் ஆண்களும் இப்போது கேட்கிறார்கள். இருவருக்கும் சொல்வது ஒன்றுதான், அதையே இங்கே முழுசாக எழுதுகிறேன்.

எந்தச் சுருக்கம் என்று முதலில் பாருங்கள்

காலை வெளிச்சம் விழும் ஜன்னலுக்குப் பக்கவாட்டில் கண்ணாடியோடு நில்லுங்கள். ட்யூப்லைட்டில் பார்த்தால் பாதிக் கோடு தெரியாது. புருவத்தை நன்றாக உயர்த்துங்கள். நெற்றியில் கோடு விழும். இறக்குங்கள். உடனே மறைந்துவிட்டால் அது தசை அசைவில் வரும் கோடு, அதற்கு ஆசிட்டால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அடுத்தது, முகம் கழுவி மாய்ஸ்ச்சரைசர் தடவிப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். பாதி மறைந்திருந்தால் வறட்சிதான் அந்தக் கோடுகளை எடுத்துக்காட்டியிருக்கிறது. மாய்ஸ்ச்சரைசரே போதும்.

கன்னத்திலும் கண்ணுக்கு வெளி ஓரத்திலும் மெல்லிசாகக் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, தொட்டால் சொரசொரப்பாக, அங்கங்கே பழுப்புப் புள்ளியோடு இருக்கிற கோடுகள் வெயிலின் வேலை. ஆசிட் பலன் தருவது இவற்றில்தான். மூக்கோரத்திலிருந்து வாய்வரை இறங்கும் ஆழமான மடிப்புக்கும், புருவ நடுவே விழுந்த பள்ளக் கோட்டுக்கும் எந்த சீரமும் போதாது. அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

ஆசிட் செய்வது என்ன

தோலின் மேலடுக்கில் செத்த செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. அடியில் உருவாகும் புது செல் மேலே வந்து உதிர இளம் வயதில் ஏறக்குறைய 28 நாள் ஆகும். வயது ஏற ஏற அது நீளும். உதிர வேண்டியது உதிராமல் தங்கும்போது முகம் மங்கி, சின்னக் கோடு கூடத் தூக்கலாகத் தெரியும். ஆசிட் அந்த ஒட்டுதலைத் தளர்த்தி உதிர வைக்கிறது. மாதக்கணக்கில் போட்டுவந்தால் அடித்தோலில் கொலாஜன் (தோலைத் தாங்கிப் பிடிக்கும் புரதம்) உண்டாவதையும் கொஞ்சம் தூண்டுகிறது.

இந்த ஆசிட்டுகள் தோல் மருத்துவத்துக்குள் வந்தது சுருக்கத்துக்காக அல்ல. மீன் செதில் மாதிரி தோல் உரியும் இக்தியோசிஸ் நோய்க்கு இவை உதவுகின்றன என்று அமெரிக்காவில் வான் ஸ்காட் என்ற தோல் மருத்துவரும் யூ என்ற ஆய்வாளரும் 1974ல் எழுதினார்கள். சுருக்கத்துக்கு உதவுமா என்பது பிறகு வந்த கேள்வி. 1996ல் வெளியான ஓர் ஆய்வில், வெயிலால் முகம் கெட்ட 40 முதல் 70 வயதுப் பெண்களுக்கு 8% கிளைகாலிக் அல்லது 8% லாக்டிக் ஆசிட் க்ரீம் கொடுத்து 22 வாரம் போடச் சொன்னார்கள். கிளைகாலிக் போட்டவர்களில் 76 சதவீதம் பேருக்கும், லாக்டிக் போட்டவர்களில் 71 சதவீதம் பேருக்கும் வெயில் பாதிப்பு ஒரு படியாவது குறைந்தது. ஆசிட்டே இல்லாத வெறும் க்ரீம் போட்டவர்களிலும் 40 சதவீதம் பேருக்குக் குறைந்தது.

எனக்கு அந்தக் கடைசி எண்தான் முக்கியம். ஒழுங்காக ஒரு க்ரீமைத் தடவிவந்தாலே பத்தில் நான்கு பேருக்கு முகம் தெளிகிறது. ஆசிட் அதற்கு மேல் கொஞ்சம் தருகிறது. சில நாளிலேயே சுருக்கம் மறையும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 22 வாரம் என்பது ஐந்து மாதம்.

ஏற்காட்டுக் குளிரை நம்பாதீர்கள்

10% கிளைகாலிக் ஆசிட்டை நான்கு வாரம் போட்ட தோல், வெயிலில் சிவந்துபோகும் தன்மை 18 சதவீதம் கூடியதாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சொல்கிறது. நிறுத்திய ஒரு வாரத்தில் தோல் பழைய நிலைக்குத் திரும்பியது. இந்த ஒரு வாரக் கணக்கை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பல இடத்தில் உதவும். ஆடியில் கோட்டை மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்க வெயிலில் நிற்கப் போகிறீர்களா, ஒரு வாரம் முன்பே ஆசிட்டை நிறுத்துங்கள். மே மாதம் கோடை விழாவுக்குக் குடும்பத்தோடு ஏற்காடு போகிறீர்களா, அதற்கும் அப்படியே.

ஏற்காட்டுக்கு எதற்கு, அங்கேதான் குளிராக இருக்கிறதே என்று பலர் நினைக்கிறார்கள். சேலம் கடல் மட்டத்துக்குச் சுமார் 280 மீட்டர் மேலே இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் புறஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போகும்போது காற்று குளிர்ந்துகொண்டே வரும், தோலைச் சுடும் கதிர் கூடிக்கொண்டே வரும். மெல்லிய மேகமும் மூடுபனியும் அதை முழுசாகத் தடுப்பதில்லை; மெல்லிய மேகத்தைத் தாண்டி 80 சதவீதம் வரை இறங்கிவிடும். பகோடா பாயிண்டில் காற்று வாங்கி நிற்கிறவருக்குச் சுடுகிற உணர்வே இருக்காது. காபித் தோட்டத்தில் நிழல் மரத்துக்கு அடியில் வேலை செய்பவர்கள் பரவாயில்லை. ஏரிக்கரையிலும் மலைப்பாதையிலும் கடை போட்டிருப்பவர்கள் அன்றாடம் அந்த வெயிலை வாங்குகிறார்கள்.

கண்ணாடி ஜன்னலும் முழுக் காப்பு இல்லை. தோலை உடனே சிவக்க வைக்கும் கதிரைக் கண்ணாடி பெருமளவு தடுத்துவிடும், ஆழம்வரை போய்ச் சுருக்கம் உண்டாக்கும் யுவிஏ கதிரை அதே அளவு தடுக்காது. அமெரிக்காவில் 28 வருடம் லாரி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் படம் 2012ல் மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் மட்டும் தடித்து, மடிப்பு மடிப்பாகத் தொங்கியிருந்தது. வலது கன்னம் அவ்வளவு மோசமில்லை. தினமும் பஸ்ஸில் அதே பக்க ஜன்னல் சீட்டில் போய் வருகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

முதல் மாதம்: சன்ஸ்கிரீன் மட்டும்

எஸ்பிஎஃப் (தோலைச் சிவக்க வைக்கும் கதிரைத் தடுக்கும் அளவு) 30க்குக் குறையாமல், பிஏ (யுவிஏ கதிரைத் தடுக்கும் அளவு) என்பதற்குப் பக்கத்தில் மூன்று கூட்டல் குறியாவது இருக்கிற சன்ஸ்கிரீனாகப் பாருங்கள். அளவில்தான் எல்லோரும் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் ஒவ்வொரு கோடு பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். இதில் பாதி போட்டால் காப்பும் வெகுவாகக் குறைந்துவிடும். வெளியே கிளம்ப கால் மணி நேரம் முன்னால் தடவுங்கள். வெளியிலேயே இருப்பதானால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் தடவ வேண்டும். நமக்கு வியர்வை வேறு, துப்பட்டாவில் முகத்தைத் துடைத்தால் அதோடு போய்விடும்.

ஏற்கெனவே மங்கு உள்ளவர்கள் தோல் நிறம் கலந்த சன்ஸ்கிரீன் வாங்குங்கள். அதிலிருக்கும் அயர்ன் ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் ஓரளவு தடுக்கும். அந்த வெளிச்சமும் மங்கைக் கூட்டும். வெள்ளை பூத்த மாதிரி தெரியாது என்பது இன்னொரு வசதி.

ஜவ்வரிசி ஆலைக் களத்தில் மாவு காய வைப்பவர்கள், கட்டட வேலை செய்பவர்கள், நாள் முழுக்க வண்டியில் டெலிவரி செய்பவர்கள், உங்களுக்கு ஒரு வார்த்தை. பத்து மணியிலிருந்து நான்கு மணிவரை வெயிலில்தான் பிழைப்பு என்றால் கிளைகாலிக் பக்கம் போகாதீர்கள். அந்தக் காசில் சன்ஸ்கிரீனும், முகத்தையும் கழுத்தையும் மறைக்க நல்ல பருத்தித் துணியும், அகல விளிம்புத் தொப்பியும் வாங்குங்கள். புதிய சுருக்கம் விழாமல் தடுப்பதில் இவை எந்த ஆசிட்டுக்கும் குறைந்தவை இல்லை.

யாருக்கு வேண்டாம்

முகத்தில் கரப்பான், வெடிப்பு, காயம், உதட்டோரம் அக்கிக் கொப்புளம், வெயிலில் கன்றிய சிவப்பு இவற்றில் ஏதாவது இருந்தால் ஆறும்வரை தொடாதீர்கள். பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் குறைந்த அளவு லாக்டிக், கிளைகாலிக் பொதுவாகப் பிரச்சினை தருவதில்லை என்றாலும், பார்க்கிற டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, அவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. சிவப்பாக வேண்டும் என்று மெடிக்கல் ஷாப்பிலோ தெரிந்தவர் சொல்லியோ ஸ்டீராய்டு கலந்த ட்யூபை வாங்கி வருடக்கணக்கில் முகத்துக்குப் போடுகிறவர்கள். முதல் சில வாரம் முகம் பளிச்சென்று இருக்கும். பிறகு தோல் மெலிந்து, சின்ன ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும். முகம் எப்போதும் காந்தும், போடுவதை நிறுத்தினால் சிவந்து பொரிப்பொரியாக வரும். இந்த க்ரீம்கள் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. ட்யூபில் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்தத் தோலின் மேல் ஆசிட் போடவே கூடாது. முதலில் தோல் டாக்டரைப் பார்த்து அந்தப் பழக்கத்திலிருந்து மெதுவாக வெளியே வாருங்கள்.

பாட்டிலை எப்படித் தேர்ந்தெடுப்பது

கிளைகாலிக் ஆசிட்டின் மூலக்கூறு இந்தக் குடும்பத்திலேயே சிறியது. தோலுக்குள் வேகமாகப் போகும், பலனும் எரிச்சலும் சேர்ந்தே வரும். லாக்டிக் சற்றுப் பெரியது. மெதுவாகப் போகும், தோலில் ஈரத்தையும் பிடித்து வைக்கும். மாண்டலிக் மூலக்கூறு கிளைகாலிக்கைப் போல இரண்டு மடங்கு எடை, அதனால் இன்னும் சாது. குளுக்கோனோலாக்டோன், லாக்டோபயோனிக் என்று பிஎச்ஏ (பாலிஹைட்ராக்ஸி ஆசிட்) வகை ஒன்று உண்டு, அது மிக மென்மையானது. சட்டென்று சிவக்கும் தோலுக்கு ஏற்றது. சாலிசிலிக் ஆசிட் எண்ணெயில் கரைவதால் பருவுக்கும் அடைத்த துவாரத்துக்கும் நல்லது. சுருக்கத்துக்கு அதை முதல் ஆளாக நான் சொல்வதில்லை.

நம் மாநிறத் தோலில் எங்கே எரிச்சல் வந்தாலும் அது ஆறும்போது கறுப்பு விட்டுவிட்டுப் போகிறது. வெள்ளைத் தோல்காரர்களுக்குச் சிவந்து ஆறிப்போகிற அதே எரிச்சல் நமக்கு மாதக்கணக்கில் கறையாக நிற்கும். வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து அதே பாட்டிலை அதே வேகத்தில் போடக் கூடாது என்பது இதனால்தான். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது 5% லாக்டிக் அல்லது 5% மாண்டலிக். வறண்ட முகத்துக்கு லாக்டிக், எண்ணெய் வடியும் முகத்துக்கும் மங்கு பயம் உள்ளவர்களுக்கும் மாண்டலிக். கிளைகாலிக் வேண்டும் என்றால் ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

சதவீதம் மட்டும் பார்த்தால் போதாது, பிஎச் என்ற எண்ணும் வேண்டும். அது குறையக் குறைய ஆசிட்டின் வீரியம் கூடும். கிளைகாலிக், லாக்டிக் இரண்டுமே பிஎச் 3.8 அளவில் பாதிக்குப் பாதி வேலை செய்யும் நிலையில் இருக்கும். வீட்டில் போடும் பொருளில் ஆசிட் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பிஎச் 3.5க்குக் கீழே போகக் கூடாது என்று அமெரிக்காவின் அழகுசாதனப் பொருள் ஆய்வுக் குழு 1998 அறிக்கையில் வரையறுத்தது. அந்த வரம்பை நாமும் பிடித்துக்கொள்ளலாம். சதவீதமே எழுதாத பாட்டிலை எடுக்காதீர்கள். உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி மூன்றும் அட்டையில் இருக்க வேண்டும். மூடி திறந்த சின்ன டப்பா படத்துக்குள் 6எம், 12எம் என்று போட்டிருந்தால் திறந்த பிறகு அத்தனை மாதம்தான் அதன் ஆயுள்.

30 சதவீதம் என்று எழுதி, இணையத்தில் எளிதாகக் கிடைக்கும் பீல் (தோலை உரிக்கும்) திரவங்கள் வேண்டவே வேண்டாம். டாக்டர் மேற்பார்வை இல்லாமல் இப்படிப்பட்டவற்றை வீட்டில் போட்டால் தோல் வெந்துபோகலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 ஜூலையில் எச்சரித்தது.

எலுமிச்சைச் சாறும் இயற்கையான ஆசிட்தானே என்று கேட்பார்கள். அதன் பிஎச் 2 பக்கம் இருக்கும், ஆசிட் அளவும் பழத்துக்குப் பழம் மாறும். தோலில் சாறு இருக்கும்போது வெயில் பட்டால் கொப்புளமே வரலாம். தயிர் அப்படியில்லை. அதிலும் லாக்டிக் ஆசிட் உண்டு, ஆனால் சுருக்கத்தை அசைக்கும் அளவுக்கு இல்லை. குளிர்ச்சிக்காகப் போட்டுக்கொள்ளுங்கள், தப்பில்லை.

சோதனை

வாங்கிய அன்றே முகத்தில் போடாதீர்கள். காதுக்குப் பின்னால், தாடை எலும்பு முடியும் இடத்தில் ஒரு சொட்டு தடவி விடுங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே இடத்தில். சிவப்பு, வீக்கம், அரிப்பு இல்லை என்றால் ஒரு பக்கத் தாடையோரம் ஒருமுறை போட்டுப் பாருங்கள். மொத்தம் ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரத்தைப் பொறுக்க முடியாதவர்கள்தான் பிறகு முகம் பூராவும் கன்றிப்போய் வந்து நிற்கிறார்கள்.

முதல் ராத்திரி

மறுநாள் வெயிலில் அலைச்சல் இல்லாத இரவாகப் பாருங்கள். முகத்தை நுரை குறைந்த மென்மையான ஃபேஸ்வாஷால் கழுவுங்கள். குளியல் சோப்பு வேண்டாம். போர் தண்ணீரில் சோப்பின் கசடு முகத்திலேயே தங்கித் தோலை இழுக்கும். அன்றைக்குக் கடலை மாவு, நலங்கு மாவு, ஸ்கிரப் எதுவும் தேய்த்திருக்கக் கூடாது. துண்டால் ஒற்றி எடுத்துப் பத்து நிமிடம் சும்மா இருங்கள். ஈரத் தோலில் ஆசிட் அதிகம் இறங்கும்.

அடுத்து, விரல் நுனியில் கொஞ்சம் வாசலின் எடுத்து மூக்கு மடல் ஓரம், உதட்டோரம், கண்ணின் வெளிமுனை மூன்றிலும் தொட்டு வையுங்கள். முதலில் எரிவது இந்த மூலைகள்தான். வாசலின் இருந்தால் ஆசிட் அங்கே வழிந்து தேங்காது. பிறகு முகம் முழுக்க மெல்லிசாக மாய்ஸ்ச்சரைசர். அது உறிஞ்சியதும் உள்ளங்கையில் மூன்று சொட்டு சீரம் விட்டு, விரல்களால் எடுத்து நெற்றி, இரண்டு கன்னம், தாடை என்று ஒற்றி ஒற்றிப் பரப்புங்கள், தேய்க்க வேண்டாம். மேல் இமையில் போடவே கூடாது. கண்ணுக்கு அடியில் கன்ன எலும்புக்கு மேலே ஏறாதீர்கள். கழுத்துத் தோல் முகத்தைவிட மெல்லிசு, முதல் இரண்டு மாதம் அதை விட்டுவிடுங்கள்.

லேசாகச் சுரீர் என்று ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் இருக்கலாம். அது இயல்பு. எரிச்சல் ஏறிக்கொண்டே போனால் காத்திருக்க வேண்டாம், குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிடுங்கள். எரிச்சல் இல்லாவிட்டாலும் முதல் இரண்டு முறை பத்து நிமிடத்தில் கழுவிவிடுவது நல்லது. மூன்றாவது முறையிலிருந்து ராத்திரி முழுக்க விடலாம். கழுவினாலும் விட்டாலும் மேலே இன்னொரு முறை மாய்ஸ்ச்சரைசர். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், தெரியாமல் கண்ணைத் தேய்த்துவிடுவோம்.

காலையில் எழுந்ததும் முகத்தைத் தண்ணீரில் கழுவி, மாய்ஸ்ச்சரைசர், சன்ஸ்கிரீன். வீட்டிலேயே இருந்தாலும் சன்ஸ்கிரீன் உண்டு.

எத்தனை நாளுக்கு ஒருமுறை

ஆசிட் தொடங்கிய முதல் மாதம் வாரத்துக்கு ஒரு இரவு. இரண்டாம் மாதம், முகம் சாதாரணமாக இருந்தால், வாரத்துக்கு இரண்டு இரவு. அதற்கு மேல் போக வேண்டிய அவசியம் பலருக்கு வருவதில்லை; வந்தாலும் ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதோடு நிறுத்துங்கள். சேலத்தில் தொடங்க நல்ல காலம் ஐப்பசி, கார்த்திகை. மார்கழி, தை முடியும்போது தோல் பழகியிருக்கும். பங்குனி, சித்திரை வெயில் வந்ததும் திரும்ப வாரத்துக்கு ஒரு இரவாகக் குறைத்துவிடுங்கள், அல்லது பிஎச்ஏ வகைக்கு மாறிக்கொள்ளுங்கள். அக்னி நட்சத்திரத்தில் முழுசாக நிறுத்தினாலும் ஒன்றும் கெட்டுவிடாது. ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு மார்கழிக் குளிரில் தோல் காய்ந்து வெடிக்கும். அந்த மாதங்களில் அவர்கள் ஆசிட்டைக் குறைத்து மாய்ஸ்ச்சரைசரைக் கூட்ட வேண்டும்.

ஆசிட் இரவில் வேறு சரக்கு எதுவும் வேண்டாம். ரெட்டினால், ட்ரெட்டினோயின் (இரண்டும் வைட்டமின் ஏ வகை), பருவுக்கான பென்சாயில் பெராக்சைடு எல்லாம் வேறு இரவுகளில். வைட்டமின் சி பழக்கம் இருந்தால் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். புருவ திரெட்டிங், மேலுதட்டு வேக்ஸிங் செய்ய நான்கைந்து நாள் முன்பே நிறுத்தி, செய்த பிறகும் சில நாள் விடுங்கள். ஆசிட் போட்ட தோலில் வேக்ஸிங் செய்தால் மேல்தோல் சேர்ந்து உரிந்து வந்துவிடும். பார்லரில் ஃபேஷியல், ப்ளீச் செய்ய உட்காரும்போதும் ஆசிட் போடுவதைச் சொல்லிவிடுங்கள். ஆண்கள் ஷேவிங் செய்த ராத்திரியில் போட வேண்டாம்.

பலன் எப்போது தெரியும்

மூன்று, நான்கு வாரத்தில் முகம் தொடுவதற்கு வழுவழுப்பாகும். கொஞ்சம் தெளிச்சி வரும். கோடுகள் மெலிய மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் ஆகும். தொடங்கும் முன் அதே ஜன்னல் பக்கத்தில், அதே நேரத்தில், மேக்கப் இல்லாமல் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். மாதம் ஒருமுறை அதே இடத்தில் இன்னொன்று. தினமும் கண்ணாடியில் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் பிடிபடாது. ஆறு மாதப் போட்டோவிலும் மாற்றம் இல்லையென்றால் சதவீதத்தைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். தோல் டாக்டரிடம் ட்ரெட்டினோயின் பற்றிக் கேளுங்கள். வெயில் சுருக்கத்துக்கு ஆசிட்டைவிட அதற்குத்தான் ஆதாரம் வலுவாக இருக்கிறது. அது டாக்டர் சீட்டில் மட்டும் வாங்க வேண்டிய மருந்து, கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

கெட்டுப்போனால்

முகம் கழுவினாலே காந்துகிறது, வழக்கமான மாய்ஸ்ச்சரைசரே எரிகிறது, தோல் இழுத்துப் பிடித்து ஒரு மினுமினுப்பு தெரிகிறது என்றால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். சிலர் அந்த மினுமினுப்பைப் பளபளப்பு என்று சந்தோஷப்பட்டு இன்னும் போடுகிறார்கள். தோலின் காப்பு அடுக்கு கரைந்துபோனதன் அடையாளம் அது. ஆசிட், ரெட்டினால், வைட்டமின் சி எல்லாவற்றையும் அன்றே நிறுத்துங்கள். மென்மையான ஃபேஸ்வாஷ், செராமைடு (தோலின் காப்பு அடுக்கில் உள்ள கொழுப்பு) கலந்த மாய்ஸ்ச்சரைசர், ராத்திரியில் மேலே மெல்லிசாக வாசலின், காலையில் சன்ஸ்கிரீன். வேறு எதுவும் வேண்டாம், மஞ்சளும் கற்றாழையும்கூட. இரண்டு வாரத்திலிருந்து நான்கு வாரத்தில் தோல் தேறிவிடும். பிறகு வாரத்துக்கு ஒரு இரவு என்ற அளவிலிருந்து திரும்பத் தொடங்கலாம்.

கொப்புளம், வீக்கம், நீர் வடிதல், வெள்ளையாக வெந்த திட்டு இவற்றில் எது தெரிந்தாலும் வீட்டு வைத்தியம் பார்க்காதீர்கள். சமையல் சோடாவைக் குழைத்துத் தடவ வேண்டாம். ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் விடாமல் கழுவிவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். கண்ணில் பட்டாலும் இதேதான். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. போகும்போது பாட்டிலையும் முகத்தில் போடும் மற்ற எல்லா ட்யூபையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். பெயர் தெரியாத க்ரீம் இருந்தால் அதை மறைக்காதீர்கள், என்ன பட்டு இப்படி ஆனது என்று பார்த்தால்தான் டாக்டரால் சரியான மருந்து எழுத முடியும்.